வேரடி மண்ணின் சரித்திரம்

ஊர்களுக்குச் சரித்திரம் எழுதப் புகுகிறவர்கள் கோட்டைகளையும் கோயில்களையும், மன்னர்களின் வரவையும் படைகளின் போக்கையும் ஆதாரமாகக் கொள்வது வழக்கம். கோட்டையும் எழாமல், படையும் தங்காமல், கடல் ஏற்றத்தின்போது நீருக்குள்ளும் வற்றத்தின்போது சேற்றுக்குள்ளுமாகக் காலம் கழிக்கும் ஒரு சிறு சதுப்பு நிலத்துக்கும் எழுதத் தகுந்த சரித்திரம் உண்டு என்றும், அந்தச் சரித்திரம் கண்ணுக்குத் தெரியும் பசுமையில் அல்லாமல் ஒரு சாண் ஆழத்தில், புல்லின் வேர்களைச் சூழ்ந்த கருமண்ணிலே பதிந்து கிடக்கிறது என்றும் சொன்னால், கேட்பவர்களுக்குச் சற்று விநோதமாகவே படும். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில், வைல்டு ஹார்பர் என்ற சிறு கழியை ஒட்டிய சதுப்பு அப்படிப்பட்ட ஓரிடந்தான். எண்ணெய் மண்ணில் புகுந்தால் செடி என்ன செய்கிறது, செடியின் வேரடி மண் என்ன செய்கிறது, எத்தனை காலத்துக்கு அதை மறவாமல் வைத்திருக்கிறது என்ற கேள்விகளுக்கு இந்த ஒரு துண்டு நிலத்தைப் போல் நெடுங்காலம் நின்று பதில் சொன்ன இடம் உலகில் அதிகம் இல்லை.

கேப் காட் என்னும் தீபகற்பத்தின் மேற்கு ஓரத்தில், பஸ்ஸார்ட்ஸ் வளைகுடாவை நோக்கி அமைந்த ஃபால்மத் என்ற ஊரின் எல்லைக்குள் இந்தக் கழி இருக்கிறது. அந்தக் கரை நெடுகிலும், நாளைக்கு இரண்டு முறை உப்புநீர் ஏறி இறங்கும் தாழ்வான நிலங்களில், ஸ்பார்ட்டினா என்னும் உவர்ப்புல் வேறு எந்தப் பயிருக்கும் இடம் கொடாமல் மண்டிக் கிடக்கும். ஆண்டுதோறும் மடிகிற அதன் வேர்கள், காற்றுப் புகாத சேற்றில் முற்றிலும் அழுகி மறையாமல் நார் நாராக ஒன்றின்மேல் ஒன்று அடுக்குண்டு, பீட் என்று சொல்லப்படும் கரிய நார்மண்ணாகி, கடல் மட்டம் உயர உயரச் சதுப்பையும் தம்மோடு உயர்த்திக்கொண்டே வருகின்றன. அதே தீபகற்பத்தின் வடகரையில் பார்ன்ஸ்டபிள் என்ற ஊரின் பெருஞ்சதுப்பில் துளையிட்டு, அடியாழத்து நார்மண்ணை எடுத்துக் கதிரியக்கக் கரியின் உதவியால் அதன் வயதைக் கணித்த ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு என்ற அறிஞர், அந்தச் சதுப்பு உருவாகச் சுமார் 4,000 ஆண்டுகள் பிடித்தன என்று நிலைநாட்டினார். அழுகாமல் காக்கும் குணமே இந்த மண்ணின் ஆதார குணம் என்பதை வாசகர்கள் இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் நேர்ந்த அனர்த்தத்துக்கும் அந்தக் குணமே துணைபோயிற்று.

வாம்பனோவாக் என்னும் ஆதிக்குடிகள் மீனும் சிப்பியும் எடுத்து வாழ்ந்த இந்தக் கரையில் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் வந்து குடியேறியபோது, காட்டை வெட்டித் திருத்தாமல் கால்நடைகளுக்குத் தீவனம் கிடைக்கும் ஒரே நிலமாக அவர்களுக்குத் தென்பட்டது உவர்ச் சதுப்புத்தான். சதுப்பின் மேட்டுப் பகுதியில் வளரும் மெல்லிய புல்லை வைக்கோலாக அறுத்தார்கள். நீரோரத்தில் உயர்ந்து வளரும் முரட்டுப் புல்லைக் கூரை வேய்வதற்குக் கொண்டார்கள். குதிரையின் குளம்பு சேற்றில் புதையாதிருக்க அகலமான மரப்பலகைகளைக் காலில் பூட்டினார்கள். கடல் ஏறும்போது வைக்கோற்போர் மிதந்து போய்விடாதபடி, நெருக்கமாக அடித்த முளைகளின் மேல் போரை எழுப்பி, பனிக்காலத்தில் நிலம் இறுகிய பிறகு சறுக்கு வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். 19ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் ஜான்ஸன் ஹீட் என்ற ஓவியர் திரும்பத் திரும்பத் தீட்டிய சித்திரங்களில் காணும் கூம்பு கூம்பான போர்கள் இவைதான். ஏரும் எருவும் வேண்டாமல், வேரை விட்டுத் தாளை மட்டும் அறுத்துக்கொண்ட அந்த விவசாயம், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் சதுப்பின் வேரடி மண்ணுக்குப் பெரிய தீங்கு ஒன்றும் செய்யவில்லை.

உள்நாட்டு வைக்கோல் ரயிலேறி வரத் தொடங்கியதும் இந்தத் தொழில் க்ஷீணித்தது. தொழில் போன பிறகு மதிப்பும் போயிற்று. கொசுவை ஒழிப்பது என்ற பெயரால் 1930களில், வேலையற்றோருக்குக் கூலி கொடுக்க ஏற்பட்ட அரசாங்கத் திட்டங்களின் கீழ், அந்தக் கரையின் சதுப்புகளில் பெரும்பாலானவற்றில் நேர்க்கோடாக வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. மிஞ்சியவற்றில் பலவற்றைத் தூர்த்து வீடுகளும் துறைகளும் கட்டினார்கள். சதுப்பு என்றால் வீண் நிலம் என்பதே பொதுஜன அபிப்பிராயமாக இருந்த அக்காலத்தில், அதை மறுத்து ஜான் டீல், மில்ட்ரெட் டீல் என்னும் தம்பதியர் உவர்ச் சதுப்பின் வாழ்வையும் சாவையும் விவரித்து ஒரு நூல் எழுதினர். அது வெளிவந்த ஆண்டு 1969. அதே ஆண்டில்தான் வைல்டு ஹார்பரின் தலைவிதியும் மாறியது.

ஃபால்மத் ஊரின் தென்கோடியில் உள்ள வுட்ஸ் ஹோல், கடலாராய்ச்சிக்கு உலகப் பிரசித்தி பெற்ற இடம். 1888இல் அங்கே கடலுயிரியல் ஆய்வுக்கூடமும், 1930இல் கடலியல் ஆராய்ச்சி நிலையமும் தோன்றின. அந்த நிலையத்தில் பணியாற்றிய ஜான் டீலும் ஜான் கான்விஷரும் உவர்ப்புல்லின் உள்ளே வாயு எவ்வாறு செல்கிறது என்பதை ஆராய்ந்து 1966இல் வெளியிட்ட முடிவுகள், எண்ணெய் விஷயத்தைப் புரிந்துகொள்ள அஸ்திவாரமாக அமைந்தவை. நீரில் பிராணவாயு பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தில் பதினாயிரத்தில் ஒரு பங்குதான். ஆகையால் நீர் கோத்த சேற்றில், மேற்பரப்புக்குக் கீழே சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே பிராணவாயு தீர்ந்துபோகிறது. அதற்கும் கீழே, கடல்நீரின் கந்தக உப்பைக் கொண்டு ஜீவிக்கும் நுண்ணுயிர்கள் ஆட்சி செய்கின்றன. சதுப்பில் கால் வைத்ததும் கிளம்பும் அழுகிய முட்டை நாற்றமும் சேற்றின் கருநிறமும் அவற்றின் வேலையால் ஏற்படுபவை. இத்தகைய மண்ணில் வேர் பிழைத்திருப்பதற்கு ஒரே வழி, இலையிலிருந்து தண்டின் உள்ளறைகள் வழியாகக் காற்றைக் கீழே இறக்கிக்கொள்வதுதான்.

நம் நாட்டு நெற்பயிரும் இதே புல்லினத்தைச் சேர்ந்தது; இதே உபாயத்தால்தான் அது சேற்றில் வாழ்கிறது. நீர் நின்ற வயலில் நன்றாக வளரும் நெற்பயிரைப் பிடுங்கி வேரை அலசிப் பார்த்தால், சுற்றிலும் கருஞ்சேறாக இருந்தும் வேரின் மேல் மட்டும் துருப்போன்ற செம்மை படிந்திருப்பதைக் காணலாம். வேரிலிருந்து கசிந்த பிராணவாயு, மண்ணில் கரைந்திருந்த இரும்பைத் துருவாக்கி வேரைச் சுற்றி ஓர் உறை செய்துவிட்டதன் அடையாளம் அது. ஸ்பார்ட்டினாவின் வேரைச் சுற்றியும் இவ்விதமான செம்மண் உறை உண்டு. மயிரிழை கனமுள்ள அந்த உறைக்குள்ளே காற்றை விரும்பும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வேர் கசியவிடும் சர்க்கரையும் அமிலங்களும் அவற்றுக்கு ஆகாரம். அதற்கு ஒரு விரற்கடை அப்பால் காற்றை வெறுக்கும் நுண்ணுயிர்களின் ராஜ்யம். செடியின் வேரடி மண் என்று நாம் சொல்வது இவ்விரண்டும் சந்திக்கும் எல்லைப் பிரதேசத்தையே. அந்த எல்லையைக் காத்து நிற்பது செடியின் மூச்சு ஒன்றுதான்.

1969 செப்டம்பர் 16ஆம் தேதி, ஃப்ளோரிடா என்னும் எண்ணெய்ப் பார்ஜ், வெஸ்ட் ஃபால்மத் கரைக்கு எதிரே ஃபாஸெட் முனைக்கு அருகில் பாறையில் மோதிக் கிழிந்தது. அதிலிருந்து 6,50,000 முதல் 7,00,000 லிட்டர் வரை எண்ணெய் கடலில் கொட்டியது. அது கறுத்துக் கெட்டியான கச்சா எண்ணெய் அன்று. வீடுகளைச் சூடேற்ற எரிக்கும், டீசலை ஒத்த, இலகுவான சுத்திகரித்த எண்ணெய். இலகுவான எண்ணெய் காற்றில் ஆவியாகிவிடும், எஞ்சியதை அலை சிதறடித்துவிடும், சில வாரங்களில் தடயமே இராது என்பது அப்போது பரவலாக நிலவிய நம்பிக்கை. கரைநோக்கி வீசிய காற்று அந்த எண்ணெயை நீரோடு கலக்கி வைல்டு ஹார்பர் கழிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. முதல் சில நாட்களில் மீன்களும் நண்டுகளும் புழுக்களும் இறால்களும் கரையில் குவியல் குவியலாக ஒதுங்கின. பத்தடி ஆழத்தில் வலையிட்டு எடுத்த ஜந்துக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து செத்திருந்தன. சிப்பி எடுப்பது தடை செய்யப்பட்டது.

விபத்து நடந்த இடம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சில மைல் தூரந்தான். கடலடி ஜீவராசிகளை எண்ணிக் கணக்கிடுவதில் நிபுணரான ஹோவர்டு ஸாண்டர்ஸும் அவருடைய சகாக்களும் உடனே சேற்றை வாரி எடுத்து, உயிருள்ளவற்றையும் இல்லாதவற்றையும் பிரித்து எண்ணத் தொடங்கினர். ரசாயனத்தைக் கவனித்தவர் ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்த மாக்ஸ் ப்ளூமர். கடலில் மிதக்கும் நுண்ணிய ஜந்துக்களின் உடலில் பிரிஸ்டேன் என்ற ஹைட்ரோகார்பன் இயற்கையாகவே இருப்பதை 1963இல் ஆராய்ந்து காட்டிய அவருக்கு, வாயு வர்ணப்பகுப்பு என்னும் கருவியால் ஒரு துளி எண்ணெயில் உள்ள நூற்றுக்கணக்கான பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்தறியும் வித்தை கைவந்திருந்தது. அதனால் சேற்றில் இருப்பது எண்ணெய் என்று சொல்வதோடு நில்லாமல், அது எந்த எண்ணெய், எவ்வளவு மாறியிருக்கிறது, எது அழிந்தது, எது நின்றது என்றும் அவரால் சொல்ல முடிந்தது. மேலே நீர் தெளிந்த பிறகும் அடிமண்ணில் எண்ணெய் குறையாமல் இருந்தது. அது மட்டுமன்றி, முதலில் மாசுபடாத இடங்களுக்கும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது என்பதே அவர்கள் கண்ட முதல் அதிர்ச்சி.

அது எப்படி நகர்ந்தது என்பதற்கு விடை புல்லில் இருந்தது. எண்ணெய் பட்ட இலைகளின் மூச்சுத்துளைகள் அடைபட்டதும் வேருக்குக் காற்று இறங்குவது நின்றது; இலகுவான எண்ணெயாதலால் அதிலிருந்த நச்சுப்பொருள்கள் உயிரணுக்களின் சவ்வுகளையும் ஊடுருவித் தின்றன. கெட்டியான எண்ணெய் மேலே பூசிக்கொண்டு மூச்சை அடைக்கும். மண்ணுக்குள் கிடக்கும் கிழங்குத்தண்டு உயிரோடிருந்தால் அடுத்த வசந்தத்தில் புல் மீண்டும் தளிர்க்கும். இலகுவான எண்ணெயோ நண்டு வளைகளின் வழியாகவும் பழைய வேர்த்தடங்களின் வழியாகவும் மண்ணுக்குள் இறங்கிக் கிழங்குத்தண்டையே கொன்றுவிட்டது. புல் மடிந்த இடத்தில் மண்ணைப் பிடித்து வைக்க வேர் இல்லை. கழியின் கரைகள் சரிந்தன. சரிந்த மண் எண்ணெயையும் தூக்கிக்கொண்டு ஓதத்தோடு வேறிடம் போயிற்று.

எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் எங்கும் உண்டு. எண்ணெய் கொட்டிய சில நாட்களிலேயே அவை பல்கிப் பெருகும். ஆனால் எண்ணெய் வெறும் கரியும் ஜலவாயுவும் சேர்ந்த உணவு. நுண்ணுயிர் உடல் வளர்க்கத் தழைச்சத்து வேண்டும், விரைந்து தின்னப் பிராணவாயு வேண்டும். சதுப்பில் தழைச்சத்துக்கு எப்போதும் பஞ்சம். பிராணவாயுவோ வேரின் கையில் இருக்கிறது. வேர் உயிரோடிருந்து மூச்சுவிட்டால் வேரடியில் எண்ணெய் கரைகிறது. எண்ணெய் அளவு மீறி வேர் செத்தால், எண்ணெயைக் கரைக்கவேண்டிய பிராணவாயுவும் கூடவே நின்றுபோகிறது. நோயே வைத்தியனைக் கொன்றுவிடுகிற நிலை இது. மேல்மட்டத்தில் நேர்ச்சங்கிலி அமைப்புள்ள பொருள்களை நுண்ணுயிர்கள் முதலில் தீர்த்துக்கட்டின. கிளைச்சங்கிலியுள்ள பிரிஸ்டேன் முதலியவை தங்கின. நேர்ச்சங்கிலிப் பொருளுக்கும் பிரிஸ்டேனுக்கும் உள்ள விகிதம் காலத்தோடு எப்படிக் குறைந்தது என்பதை வைத்து, மண்ணின் ஒவ்வோர் அடுக்கிலும் அழிவு எத்தனை தூரம் முன்னேறியிருக்கிறது என்று ப்ளூமரும் அவருடன் பணியாற்றியவர்களும் அளந்தார்கள். ப்ளூமர் 1977இல் காலமானார்; அவர் தொடங்கிய கணக்கு நிற்கவில்லை.

அந்த ஆண்டிலேயே சார்ல்ஸ் க்ரெப்ஸும் காத்ரின் பர்ன்ஸும், சதுப்பில் வாழும் சிறு நண்டுகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடலளவு பருத்திருக்கும் இந்த நண்டுகள், தாம் தோண்டும் வளைகளால் மண்ணுக்குள் காற்றையும் நீரையும் கொண்டுபோய் வேரின் வேலையில் பாதியைத் தாங்குபவை. எண்ணெய் கொட்டி ஏழு ஆண்டுகள் ஆகியும் அவற்றின் தொகை பழைய நிலைக்கு வரவில்லை. நடை தளர்ந்து, ஓடி ஒளியும் வேகம் குறைந்து, வளைகளைக் கோணலாகத் தோண்டி, குளிர்காலத்தில் உறைபனிக்கு இரையாயின. வேரும் நண்டும் ஒருங்கே தளர்ந்தால் மண்ணுக்குக் காற்று வரும் இரண்டு வழிகளும் அடைபட்டுப் போகின்றன அல்லவா?

இதே சமயத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையில் மனிதர்கள் வேறொரு பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். 1978 மார்ச் 16ஆம் தேதி, பிரான்ஸின் பிரித்தானிப் பிரதேசத்தில் போர்ட்சால் என்ற ஊருக்கு எதிரே அமோகோ காடிஸ் என்னும் கப்பல் பாறையில் சிக்கி உடைந்து 2,23,000 டன் கச்சா எண்ணெயைக் கொட்டியது. அதில் ஒரு பங்கு ஈல் கிராண்ட் என்னும் தீவின் உவர்ச் சதுப்பில் ஏறித் தடித்துப் படிந்தது. சுத்தம் செய்யவேண்டும் என்ற ஆத்திரத்தில், படையினரும் தொண்டர்களும் கனரக இயந்திரங்களைச் சதுப்புக்குள் இறக்கி, எண்ணெயோடு புல்லையும், புல்லோடு வேரையும், சில இடங்களில் அரை மீட்டர் ஆழம் வரைக்கும் மண்ணையுமே சுரண்டி அகற்றினார்கள். நிலம் தாழ்ந்துபோனதால் கடல்நீர் அதிக நேரம் நின்றது, கழிகள் அகன்றன, விதை விழுந்தாலும் வேர்கொள்ள மண் இல்லை. சுரண்டாமல் விட்ட பக்கத்துச் சதுப்பு சில ஆண்டுகளில் தானே தேறிக்கொண்டிருக்க, சுரண்டிய சதுப்பு பல ஆண்டுகள் வெற்றுச் சேறாகக் கிடந்தது. வட கரோலினாவிலிருந்து வந்த எர்னஸ்ட் ஸெனக்கா, ஸ்டீஃபன் ப்ரூம் என்ற இருவர், உள்ளூர்ச் சதுப்புச் செடிகளைக் கொத்துக் கொத்தாகப் பெயர்த்து வந்து, எருவிட்டு நட்டுப் பார்த்தார்கள்; தழைச்சத்தும் மணிச்சத்தும் இட்ட இடங்களில் நடவு பிடித்தது. சுரண்டி எறிவதற்குச் சில வாரங்கள் போதுமாயிருந்த அந்த மண்ணை மறுபடி வேரால் கட்டுவதற்கு வருஷக்கணக்காயிற்று.

வெப்பமண்டலத்துக் கண்டற் காடுகளுக்கு இந்தப் பாடம் 1986இல் பனாமாவில் கிடைத்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி, கரீபியக் கரையில் பஹியா லாஸ் மினாஸ் என்ற குடாவை ஒட்டிய சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய்த் தொட்டி ஒன்று உடைந்து, எண்பது லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட கச்சா எண்ணெய் ஓடியது. அங்கேயும் ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தின் ஆய்வுக்கூடம் பக்கத்தில் இருந்தது. எண்ணெய் வருமுன் எடுத்த கணக்குகளும் கையில் இருந்தன. வைல்டு ஹார்பரில் பயின்ற காத்ரின் பர்ன்ஸ் இங்கேயும் வந்து மண்ணைப் பரிசோதித்தார். முட்டுக்கொடுத்து நிற்கும் கண்டல் வேர்களின் மூச்சுத்துளைகள் அடைபட்டு மரங்கள் பட்டுப்போயின. பட்ட வேர்கள் உளுத்தபோது, அடிச்சேற்றில் தங்கியிருந்த எண்ணெய் மழைதோறும் ஓதந்தோறும் வெளியே கசிந்து, புதிதாக முளைத்த கன்றுகளையும் வேரில் ஒட்டி வாழ்ந்த சிப்பிகளையும் மீண்டும் மீண்டும் தொட்டது. ஆழ்ந்த சேற்றில் புகுந்த எண்ணெயின் நச்சு நீங்க இருபது ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும் என்று அவரும் சகாக்களும் 1993இல் எழுதினார்கள். சூடான நாட்டில் எண்ணெய் விரைவில் அழிந்துவிடும் என்ற எண்ணத்துக்கு அது முற்றுப்புள்ளி வைத்தது. காற்றில்லாத சேற்றில் சூரியனின் உஷ்ணத்தால் ஆகிற காரியம் கொஞ்சந்தான்.

இனி வைல்டு ஹார்பருக்குத் திரும்புவோம். விபத்து நடந்து முப்பது ஆண்டுகள் கழிந்தபின், அதே வுட்ஸ் ஹோல் நிலையத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃபர் ரெட்டியும் குழுவினரும் அந்தச் சதுப்பில் குழாயை இறக்கி மண்ணை எடுத்தார்கள். மேலே சில அங்குலம் வரைக்கும் புதிதாகச் சேர்ந்த தூய மண். புல்லும் பச்சையாகத்தான் நின்றது. அதற்குக் கீழே ஒரு சாணுக்குள் குழாயில் ஏறிய மண்துண்டில் 1969ஆம் ஆண்டின் எண்ணெய் இருந்தது. நேர்ச்சங்கிலிப் பொருள்கள் போய்விட்டன என்றாலும், மற்றவை எழுபதுகளில் அளந்த நிலையிலிருந்து பெரிதும் மாறவில்லை. இது எதனால் என்று அறிய க்ரெகரி ஸ்லேட்டரும் உடன் ஆராய்ந்தவர்களும் 2005இல் ஒரு நுட்பமான யுக்தியைக் கையாண்டார்கள். பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த எண்ணெயில் கதிரியக்கக் கரி இராது. அண்மையில் வளர்ந்த புல்லில் இருக்கும். சதுப்பின் நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்றிருந்தால் அவற்றின் உடற்கொழுப்பிலும் கதிரியக்கக் கரி குறைந்திருக்க வேண்டும். அப்படிக் குறையவில்லை! நுண்ணுயிர்கள் புல்லின் கழிவையே தின்றுகொண்டு எண்ணெயைத் தொடாமல் விட்டிருந்தன. நாலாயிரம் ஆண்டு நார்மண்ணின் வயதைச் சொன்ன அதே கதிரியக்கக் கரி, இப்போது அந்த மண்ணின் பசியையும் சொல்லிற்று.

காற்றில்லாமலே ஹைட்ரோகார்பனைத் தின்னும் நுண்ணுயிர்கள் உண்டு என்பதை ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் ஃப்ரீட்ரிஹ் விட்டலும் குழுவினரும் 1991லேயே காட்டியிருந்தார்கள். ஆனால் ஒரு காரியம் சாத்தியம் என்பதும், அது ஓரிடத்தில் நடக்கிறது என்பதும் ஒன்றல்ல. வேர் வைத்துவிட்டுப் போகும் இனிய உணவு பக்கத்தில் குவிந்து கிடக்கையில், கசப்பான எண்ணெயைத் தேடிப்போகும் அவசியம் நுண்ணுயிர்களுக்கு இல்லை. ஆக, வேரின் மூச்சு எட்டும் அளவுக்குள் எண்ணெய் அழிகிறது. எட்டாத ஆழத்தில், எதையும் அழுகவிடாமல் காக்கும் பழைய குணத்தால், நார்மண் அதைப் பத்திரப்படுத்தி வைக்கிறது.

ஜெனிஃபர் கல்பர்ட்ஸன் 2007லும் 2008லும் வெளியிட்ட ஆய்வுகள் இந்தக் கதைக்கு வேரின் தரப்பிலிருந்து சாட்சி சொல்கின்றன. நண்டு வளைகளில் அச்சு வார்த்து எடுத்துப் பார்த்தபோது, நல்ல சதுப்பில் அவை நேராக ஆழத்துக்கு இறங்கியிருக்க, வைல்டு ஹார்பரிலோ எண்ணெய் அடுக்கை எட்டியதும் பக்கவாட்டில் திரும்பிக் குட்டையாக நின்றுவிட்டன. உவர்ப்புல்லின் தாள்கள் அடர்த்தி குறைந்திருந்தன, வேர்ச்செறிவும் குறைந்திருந்தது, வேர் இளைத்த இடங்களில் மண் அரிப்புண்டு சதுப்பின் மேற்பரப்பே வடிவம் மாறியிருந்தது. கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே நாளில் கொட்டிய எண்ணெய் அது. தூரத்தில் நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு அந்தச் சதுப்பு முற்றிலும் குணமடைந்துவிட்டதாகவே தோன்றும்.

2010 ஏப்ரல் 20இல் மெக்ஸிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைஸன் மேடை வெடித்துப் பதினொரு பேர் மாண்டு, எண்பத்தேழு நாட்கள் எண்ணெய் பீறிட்டபோது, லூயிஸியானாவின் பராட்டாரியா குடாவில் மறுபடி இதே உவர்ப்புல் எண்ணெய்க்கு இலக்காயிற்று. சியான்ஸின் லின், இர்விங் மெண்டல்ஸன் என்ற ஆராய்ச்சியாளர்கள், மிதமாக எண்ணெய் பட்ட இடத்தில் ஸ்பார்ட்டினா கிழங்குத்தண்டிலிருந்து மீண்டும் தளிர்த்ததையும், அதன் அருகே வளரும் ஜுன்கஸ் என்னும் கருங்கோரை அவ்வாறு தாங்கவில்லை என்பதையும் கண்டார்கள். எண்ணெய் கனத்துப் படிந்த விளிம்புகளில் வேர்கள் மாண்டு, கரை அரிக்கும் வேகம் இருமடங்குக்கு மேலாயிற்று. ஆனால் இம்முறை ஈல் கிராண்டின் பாடம் நினைவில் இருந்தது. மிதமாகப் பட்ட இடங்களில் மனிதன் காலே படவேண்டாம் என்று பெரும்பாலும் விலகியிருந்தார்கள். தடித்துப் படிந்த இடங்களில் மட்டும், மிதித்தால் எண்ணெய் மண்ணுக்குள் இறங்காதபடி பலகைகளைப் பரப்பி நின்று, எண்ணெய்ப் பாயை வாரி அகற்றினார்கள். வாரிய இடத்தில் உவர்ப்புல்லை உடனே நட்டபோது புல்லும் எழுந்தது, கரையும் நின்றது.

தீண்டாதே என்பதும் சுத்தம் செய் என்பதும் எதிரெதிர்க் கட்சிகளாக நெடுநாள் வாதாடிய விஷயத்தில், அரை நூற்றாண்டு அனுபவம் அளித்த தீர்ப்பு இவ்விரண்டும் அன்று. வேர் உயிரோடிருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் அதன் மூச்சுக்கு இடையூறு செய்யாதே. இறந்திருந்தால் மண்ணை எடுத்தெறியாமல் வேறொரு வேரை அங்கே நடு என்பதே அந்தத் தீர்ப்பு. இதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. நட்ட புல் தழைத்துவிட்டது என்பதைக் கண்டு கணக்கை மூடிவிடலாகாது. நஷ்டஈட்டு வழக்குகள் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடுகின்றன. ஆராய்ச்சிக்கான மானியங்கள் அதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன. வேரடி மண்ணின் கணக்கோ ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்கள் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தால் ஒழிய முடிவதில்லை. ஸாண்டர்ஸும் ப்ளூமரும் எண்ணத் தொடங்கியதைப் பர்ன்ஸும் டீலும் தொடர, அவர்களுக்குப் பின் ரெட்டியும் கல்பர்ட்ஸனும் எடுத்துக்கொண்டார்கள். அப்படி விடாமல் நின்று பார்த்தவர்கள் பக்கத்து ஊரில் இருந்தார்கள் என்பதனாலேயே வைல்டு ஹார்பர் பேசுகிறது. எண்ணெய் கொட்டி, செய்தி வெளிவந்து, புல் முளைத்ததும் மறக்கப்பட்ட மற்றச் சதுப்புகளிலும் ஒரு சாண் ஆழத்தில் இதே கணக்கு இருக்கக்கூடும். மண்ணை எடுத்துப் பார்க்கும்வரை, அவை குணமாகிவிட்டன என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.